2.6 சதவீத வேகத்துக்கு இவ்வளவு மெனக்கெடலா? லினக்ஸ் கெர்னலின் குட்டி மாற்றங்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

2024-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் லினக்ஸ் உலகத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலில் சுமார் 20 வரிகளை மாற்றினார். ஒரு சோதனையில் வேகம் 2.6% கூடியது. இது முதல் செய்தி. வேறொரு மாற்றத்தில், கிட்டத்தட்ட ஒரே ஒரு நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்த்ததில், இன்னொரு சோதனையின் வேகம் 3,888.9% கூடியது. இது இரண்டாவது. இரண்டையும் அளந்து சொன்னது இன்டெல் நடத்தும் 'கெர்னல் டெஸ்ட் ரோபோ' என்ற தானியங்கி சோதனை அமைப்பு.

எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் தலைப்புச் செய்தி. ஆனால் தினமும் டேட்டாவோடு குப்பை கொட்டுகிற என்னைக் கேட்டால், நம் வாழ்க்கையைத் தொடுவது அந்த 2.6 சதவீதம்தான். ஏன் என்று புரிய, கெர்னலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் ஐடி துறையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான்.

கெர்னல் என்பது என்ன?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுமையம் அது. மெமரியைப் பங்கு போடுவது, எந்த ஆப்புக்கு எப்போது சிபியு கிடைக்கும் என்று முடிவெடுப்பது, நெட்வொர்க்கில் வருகிற தகவலை உரிய ஆப்பிடம் சேர்ப்பது எல்லாமே அதன் வேலை. ஆப்கள் இவற்றை நேரடியாகச் செய்ய முடியாது. ஒரு ஃபைலைப் படிக்க வேண்டுமென்றால்கூட கெர்னலிடம் விண்ணப்பம் போட வேண்டும். இந்த விண்ணப்பத்துக்குப் பெயர் 'சிஸ்டம் கால்'.

லினக்ஸ் கெர்னல் 2025 தொடக்கத்தில் 4 கோடி வரிகளைத் தாண்டியது. பயந்துவிடாதீர்கள், அதில் பெரும்பகுதி விதவிதமான வன்பொருள்களுக்கான டிரைவர்கள். உங்கள் கணினி ஓடும்போது திரும்பத் திரும்ப மிதிபடுகிற பாதை மிகச் சிறியது. அந்தப் பாதையில் ஒரு கல்லை எடுத்துப் போட்டாலும் பலன் தெரியும், ஒரு கல்லை வைத்தாலும் காலில் இடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சர்வரில் ஒரு கோர் விநாடிக்கு 10 லட்சம் சிஸ்டம் கால்களைக் கையாள்கிறது என்று வெச்சுக்கலாம். ஒவ்வொன்றிலும் 20 நானோசெகண்ட் மிச்சம் பிடிக்கிறோம். ஒரு நானோசெகண்ட் என்பது ஒரு விநாடியில் 100 கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் வெளிச்சமே ஒரு அடி தூரம்தான் போகும். இவ்வளவு பொடி நேரமும் 10 லட்சம் தடவை சேர்ந்தால் 20 மில்லிசெகண்ட். அதாவது விநாடிக்கு 2%. எல்லா கோர்களிலும் இதே கதை என்றால், 5,000 சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 100 சர்வர்களின் வேலை மிச்சம். யாரும் புது மெஷின் வாங்கவில்லை, ஆப்பில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் பெருக்கல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டிவிடும். இந்தியாவில் யுபிஐ பரிவர்த்தனைகள் 2025 ஆகஸ்டில் முதல்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. நீங்கள் டீக்கடையில் 15 ரூபாய் ஸ்கேன் செய்யும்போது, அந்த ஒரு கட்டணத்துக்காக உங்கள் போன், ஆப்பின் சர்வர், இரண்டு வங்கிகள், நடுவில் இருக்கும் இணைப்பகம் என்று எத்தனையோ இடங்களில் சிஸ்டம் கால்கள் ஓடுகின்றன. உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ்தான்.

சில சமயம் சிஸ்டம் காலை வேகப்படுத்துவதைவிட, அதைச் செய்யாமலே தப்பிப்பது புத்திசாலித்தனம். 'இப்ப மணி என்ன?' என்ற கேள்வி நல்ல உதாரணம். லாக் எழுதும் ஒவ்வொரு ஆப்பும் இதை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும். ஒவ்வொரு தடவையும் கெர்னலுக்குள் போய்த் திரும்புவது வீண் அலைச்சல். அதனால் லினக்ஸ் ஒரு சின்ன மெமரிப் பக்கத்தை எல்லா ஆப்களுக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருக்கிறது. நேரத்தைக் கணக்கிடத் தேவையானதெல்லாம் அதில் இருக்கும். ஆப் தானே பார்த்துக்கொள்ளலாம். ஆபீஸில் மேனேஜர் கேபினைத் தட்டி மணி கேட்காமல், சுவரில் ஒரு கடிகாரத்தை மாட்டியது போலத்தான்.

சரி, அந்த 2.6% எங்கிருந்து வந்தது?

இதற்கு 2018 ஜனவரிக்குப் போக வேண்டும். அந்த மாதம் 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்ற இரண்டு பாதுகாப்புக் குறைபாடுகள் வெளியுலகத்துக்குத் தெரிந்தன. குறை எந்த ஆப்பிலும் இல்லை, சிபியு யோசிக்கும் விதத்திலேயே இருந்தது.

நவீன சிபியுக்கள் காத்திருக்காது, ஊகிக்கும். உங்கள் தெருமுனை டீ மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூரத்தில் வரும்போதே 'இவருக்கு ஸ்ட்ராங் டீ' என்று போட ஆரம்பித்துவிடுவார். ஊகம் சரி என்றால் நேரம் மிச்சம். நீங்கள் அன்றைக்குப் பார்த்து காபி கேட்டால், போட்ட டீயைக் கொட்டிவிட்டு வேறு போடுவார். கணக்கில் அந்த டீயே கிடையாது. ஆனால் கிளாஸ் சூடாகத்தானே இருக்கும்? பக்கத்தில் நிற்கும் ஆள் அந்த கிளாஸைத் தொட்டுப் பார்த்தே 'இவருக்கு வழக்கமாக டீதான்' என்று கண்டுபிடித்துவிடலாம். ஸ்பெக்டர் செய்வது இதைத்தான். சிபியு தவறாக ஊகித்துத் தொட்ட தகவலைப் பிறகு கைவிட்டாலும், அது கேஷ் மெமரியில் விட்டுப் போகும் சூடு ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி கெர்னலுக்கு வருவோம். ஒரு ஆப் 'இந்த முகவரியில் இருக்கும் தகவலை எடுத்துக்கொள்' என்று கெர்னலிடம் சொல்லும்போது, கெர்னல் முதலில் அந்த முகவரி ஆப்புக்குச் சொந்தமானதுதானா என்று சரிபார்க்கும். இல்லாவிட்டால் ஒரு ஆப் கெர்னலின் சொந்த மெமரியையே காட்டி 'எடு' என்று சொல்லிவிடும். சரிபார்ப்பு உண்டு. ஆனால் அதன் முடிவு வருவதற்குள் சிபியு 'சரியாகத்தான் இருக்கும்' என்று ஊகித்து அடுத்த வேலைக்குத் தாவிவிடும். ஓட்டை அங்கேதான்.

2018-ல் போடப்பட்ட மருந்துகளில் ஒன்று, இப்படிப்பட்ட இடங்களில் ஒரு தடுப்பை வைப்பது. சரிபார்ப்பின் முடிவு வரும்வரை ஊகத்தில் எதையும் செய்யாதே என்று சிபியுவுக்குச் சொல்லும் கட்டளை அது. பாதுகாப்பாக இருக்கும், ஆனால் டீ மாஸ்டரின் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. ஆப்பிடமிருந்து தகவலை நகலெடுக்கும் 'காப்பி ஃப்ரம் யூசர்' என்ற செயல்பாட்டில் இந்தத் தடுப்பு 2023-ல்தான் சேர்ந்தது. கெர்னலில் அதிகம் மிதிபடும் இடங்களில் அது ஒன்று. அதனால் ஒவ்வொரு நகலுக்கும் சின்ன அபராதம்.

2024-ல் டோர்வால்ட்ஸ் போட்ட மாற்றம் இந்தத் தடுப்பை எடுத்துவிட்டது. ஜோஷ் பொயிம்போஃப் என்ற கெர்னல் பொறியாளர் முதலில் எழுதிய ஒரு மாற்றத்தின் இன்னொரு வடிவம் அது. எடுத்துவிட்டால் ஓட்டை திரும்ப வந்துவிடாதா? இங்கேதான் அழகு. சிபியுவின் ஊகத்தைத் தடுப்பதற்குப் பதிலாக, முகவரியையே கணக்கு போட்டு மாற்றினார்கள். முகவரி சரியான எல்லைக்குள் இருந்தால் அது அப்படியே இருக்கும். எல்லை மீறியிருந்தால், அதன் எல்லா பிட்களும் 1 ஆகிவிடும். அப்படி ஒரு இடத்தில் எடுக்க எதுவும் கிடையாது. இதை 'சரியா, தவறா' என்று பாதை பிரியும் கேள்வியாக எழுதாமல் வெறும் கணிதமாக எழுதியதால், சிபியு ஊகிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஒப்பிடு, கழி, சேர் என்று மூன்றே மூன்று எளிய கட்டளைகள். மாஸ்டர் ஊகித்து டீ போடட்டும்; தப்பான ஆள் என்றால் அவர் கையில் இருப்பது எப்போதுமே காலி கிளாஸ்தான்.

இந்த 2.6% புதிதாகக் கண்டுபிடித்த வேகம் அல்ல, பாதுகாப்புக்காகக் கட்டிவந்த அபராதத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டருக்குப் பிறகு கெர்னலில் நடந்த வேக மாற்றங்களில் கணிசமானவை இப்படி இழந்ததை மீட்கும் வேலைதான். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது 'லினக்ஸ் வேகமாகிவிட்டது' என்று தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது வட்டி கட்டி நகையைத் திருப்பியது.

அந்த 3,888.9% என்ன ஆச்சு?

எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, 'எதிலிருந்து எதற்கு?' 3,888.9% கூடுதல் என்றால் சுமார் 40 மடங்கு. ஆரோக்கியமாக இருக்கும் ஒரு விஷயம் ஒரு நிபந்தனையால் 40 மடங்கு வேகமாகாது. ஏற்கெனவே ஏதோ ஒன்று உடைந்திருக்க வேண்டும்.

உடைந்துதான் இருந்தது. கெர்னல் மெமரியை வழக்கமாக 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கும். பெரிய வேலைகளுக்கு 2 மெகாபைட் அளவுள்ள பெரும்பக்கங்களும் உண்டு. ஒரு பெரும்பக்கம் 512 சின்னப் பக்கங்களுக்குச் சமம் என்பதால் கணக்கு வைப்பது சுலபம், வேகம் கூடும். எனவே 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் ஒரு நல்லெண்ணத் திருத்தம் செய்தார்கள்: 2 மெகாபைட்டுக்குக் குறையாமல் மெமரி கேட்டால், அதை 2 மெகாபைட் எல்லைக்கோட்டில்தான் தொடங்க வேண்டும்.

சரியான யோசனை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஒரு ஆப் 4,632 கிலோபைட் கேட்டால்? இரண்டு பெரும்பக்கம் போக 536 கிலோபைட் மீதி. அடுத்த துண்டு இதோடு ஒட்டி உட்கார முடியாது, அடுத்த எல்லைக்கோட்டுக்குத் தாவ வேண்டும். ஒவ்வொரு வீடும் தெருமுனையில்தான் தொடங்க வேண்டும் என்று பஞ்சாயத்து விதி போட்ட மாதிரி, நடுவில் எல்லாம் காலி மனை. போதாததற்கு, எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரியான எல்லையில் தொடங்குவதால் கேஷ் மெமரியில் ஒரே இடத்துக்கு முட்டி மோதும். டார்க்டேபிள் என்ற போட்டோ எடிட்டிங் மென்பொருள் ஏஎம்டி கணினிகளில் மந்தமாகிவிட்டதாகப் புகார் வந்தது. அறிவியல் கணக்கீட்டுச் சோதனை ஒன்றும் படுத்துவிட்டது.

சூசே நிறுவனத்தின் விளாஸ்டிமில் பாப்கா போட்ட தீர்வு ரொம்ப எளிது: கேட்ட அளவு 2 மெகாபைட்டின் சரியான மடங்காக இருந்தால் மட்டும் எல்லைக்கோட்டு விதியைப் பின்பற்று. அவ்வளவுதான். ரோபோ அளந்த 3,888.9% என்பது, மெமரியைக் கேட்பதும் உடனே திருப்பித் தருவதுமாக ஓயாமல் ஓடும் ஒரு செயற்கைச் சோதனையில் வந்தது. உங்கள் லேப்டாப் 40 மடங்கு வேகமாகவில்லை. ஒரு வேகத் திருத்தம் பத்து மாதங்களுக்கு மேல் சிலரை மெதுவாக்கியதும், அதை இன்னொரு திருத்தம் சரிசெய்ததும்தான் இங்கே நடந்தது.

அஞ்சறைப் பெட்டி ரகசியம்

எனக்குப் பிடித்த உதாரணம் 2024 மார்ச்சில் வந்த 6.8 பதிப்பில் இருக்கிறது. கூகுள் பொறியாளர்கள் நெட்வொர்க் பகுதியில் ஒரு வேலை செய்தார்கள். புது அல்காரிதம் கிடையாது, புது வசதியும் கிடையாது. இருந்த தகவல்களின் வரிசையை மட்டும் மாற்றி அடுக்கினார்கள்.

சிபியு மெமரியிலிருந்து ஒரு எண்ணை மட்டும் தனியாக எடுக்காது. 64 பைட் கொண்ட ஒரு வரியாகத்தான் எடுத்துக் கேஷில் வைக்கும். கேஷில் இருப்பதைத் தொட ஓரிரு நானோசெகண்ட். மெயின் மெமரி வரை போனால் நூறு நானோசெகண்டை நெருங்கும். அதனால் ஒன்றாகத் தேவைப்படும் தகவல்கள் ஒரே வரியில் இருந்தால் லாபம். சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருப்பது இதற்குத்தானே? கடுகு ஒரு அலமாரி, சீரகம் இன்னொரு அலமாரி, மஞ்சள் பரணில் என்று இருந்தால், தாளிப்பதற்குள் எண்ணெய் கருகிவிடும்.

கெர்னலில் ஒவ்வொரு டிசிபி இணைப்புக்கும் ஒரு தகவல் தொகுப்பு உண்டு. பல ஆண்டுகளாகப் பலரும் வந்து, கிடைத்த இடத்தில் ஒரு புலத்தைச் செருகிவிட்டுப் போனதில், ஒரு பாக்கெட்டை அனுப்பத் தேவையான விவரங்கள் பல வரிகளில் சிதறிக் கிடந்தன. எந்த விவரம் அனுப்பும்போது தேவை, எது பெறும்போது தேவை, எது எப்போதோ ஒரு தடவை மட்டும் தேவை என்று ஆராய்ந்து, சேர்ந்து பயன்படுபவற்றைச் சேர்த்து வைத்தார்கள். பல்லாயிரம் இணைப்புகள் ஒரே நேரத்தில் ஓடும் ஏஎம்டி சர்வர் சோதனையில் பலன் சுமார் 40% வரை போனது. வேறு வன்பொருளில் அதைவிடக் குறைவு. உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் பத்து டேப் திறந்து வைத்திருப்பதற்கு இதில் ஒன்றும் தெரியாது.

அவர்கள் செய்த இன்னொரு காரியத்தை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இந்த அடுக்கு கலைந்தால் கெர்னல் கம்பைல் ஆகும்போதே பிழை காட்டுகிற மாதிரி சோதனைகளையும் சேர்த்துவைத்தார்கள், எந்தப் புலம் எதற்கு என்ற ஆவணத்தோடு. நாளைக்கு வேறொருவர் அவசரத்தில் பெருங்காயத்தைக் கடுகு கிண்ணத்தில் போட முடியாது.

ஊகம் எப்போதும் சரியா?

இல்லை. கெர்னல் எழுதுபவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 'லைக்லி', 'அன்லைக்லி' என்று இரண்டு குறிப்புகள் கெர்னல் கோடு முழுக்க இறைந்து கிடக்கும். இந்த நிபந்தனை பெரும்பாலும் உண்மையாகும், இது அபூர்வம் என்று கம்பைலருக்கு எழுதியவர் சொல்லும் குறிப்பு. அபூர்வமான பிழை கையாளும் பகுதிகளைக் கம்பைலர் ஓரமாகத் தள்ளிவிடும், அன்றாடப் பாதை நேராக ஓடும். ஆனால் எழுதியவர் 'அபூர்வம்' என்று நினைத்தது நிஜத்தில் தினப்படி நடக்கலாம். இந்தக் குறிப்புகள் எத்தனை முறை தப்பாகின என்று எண்ணிக் காட்டும் கருவியே கெர்னலுக்குள் இருக்கிறது. தன்மேல் இப்படிச் சந்தேகப்பட்டுத் தணிக்கை வைத்திருப்பது எனக்குப் பிடித்த குணம்.

2011-ல் நடந்தது இன்னும் சுவாரசியம். கெர்னலில் பட்டியல்களைச் சுற்றிவரும் அடிப்படைக் கோடில், அடுத்த உறுப்பை முன்கூட்டியே கேஷுக்கு வரவழைக்கும் கட்டளை வருடக்கணக்காக இருந்தது. முன்பே கொண்டுவந்து வைத்தால் வேகம் கூடும் என்பது யாருக்கும் தோன்றும் லாஜிக். அளந்து பார்த்தபோது தலைகீழ். பட்டியல்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. கடைசி உறுப்புக்கு அடுத்து ஒன்றுமே இல்லாத இடத்தையும் அந்தக் கட்டளை தேடிப் போனது. அந்த வீண் தேடலே நேரத்தைத் தின்றது. இன்றைய சிபியுக்கள் முன்கூட்டியே எடுப்பதைத் தாங்களே நன்றாகச் செய்கின்றன. அந்தக் கட்டளைகளைத் தூக்கியதும் கெர்னல் கொஞ்சம் வேகமானது. கோடை நீக்கினால் வேகம்!

வேகம் ஓட்டையாக மாறிய கதை

2009-ல் கெர்னலின் 'டன்' என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு சின்னப் பிசகு இருந்தது. ஒரு சுட்டியைப் பயன்படுத்திவிட்டு, அதற்கு அடுத்த வரியில் 'இந்தச் சுட்டி காலியா?' என்று சோதித்திருந்தார்கள். வரிசை மாறிப் போச்சு, அவ்வளவுதான். மனிதர் படித்தால் 'சோதனைதான் இருக்கிறதே' என்று தாண்டிவிடுவார்.

கம்பைலர் வேறு மாதிரி யோசித்தது. முதல் வரியிலேயே இதைப் பயன்படுத்தியாகிவிட்டது, எனவே இது காலியாக இருக்க வாய்ப்பே இல்லை, அப்படியானால் அடுத்த வரிச் சோதனை வெட்டி வேலை. வேகத்துக்காக அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சி மொழியின் விதிப்படி கம்பைலர் செய்தது தப்பில்லை. ஆனால் அந்த இடைவெளி வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் எடுக்க முடியும் என்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செய்தே காட்டினார். கெர்னலைக் கட்டும்போது இந்த வகை 'வேகப்படுத்தலை' செய்யாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் உத்தரவு அதன் பிறகுதான் சேர்க்கப்பட்டது. கொஞ்சம் வேகத்தை வேண்டாம் என்று வைத்த அந்த முடிவு இன்றும் அமலில் இருக்கிறது.

30 வரியில் மின்சாரம் மிச்சமா?

2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பைப் பற்றி இப்படி ஒரு செய்தி பரவியது: 30 வரி கோடு மாற்றத்தால் தரவு மையங்களின் மின் செலவை 30% வரை குறைக்கலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் கார்ஸ்டன் குழுவும், ஃபாஸ்ட்லி நிறுவனப் பொறியாளர் ஜோ டமாட்டோவும் சேர்ந்து செய்த வேலை.

விஷயம் இதுதான். நெட்வொர்க்கில் தகவல் வரும்போது நெட்வொர்க் கார்டு சிபியுவின் காலிங் பெல்லை அடிக்கும். சிபியு கையில் இருப்பதை வைத்துவிட்டு வந்து பார்க்கும். கூட்டம் குறைவாக இருந்தால் இது நல்ல முறை. கல்யாண வீட்டில் ஒவ்வொரு விருந்தாளிக்கும் பெல் அடித்தால் உள்ளே சமையல் நடக்காது. அப்போது பெல்லை அணைத்துவிட்டு, நாமே அவ்வப்போது வாசலை எட்டிப் பார்ப்பது மேல். ஆனால் கூட்டமே இல்லாதபோதும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் வீண், மின்சாரமும் வீண்.

இரண்டுக்கும் நடுவில் மாறிக்கொள்ளும் வசதி லினக்ஸில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. புதிய மாற்றம், எப்போது மாறுவது என்பதைக் கச்சிதமாக்கியது. ஆப் கேட்கும் ஒவ்வொரு தடவையும் தகவல் காத்திருந்தால் பெல் அணைந்தே இருக்கும். ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பினால் பெல் மீண்டும் உயிர்பெறும். ஆப் எங்காவது மாட்டிக்கொண்டால் காப்பாற்ற ஒரு டைமரும் உண்டு.

30% என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 'வரை' போட்ட எண். நெட்வொர்க் போக்குவரத்து மிகுந்த, இந்த வசதியைக் கேட்டு வாங்கும்படி எழுதப்பட்ட ஆப்களுக்குத்தான் பொருந்தும். தரவு மையத்தின் குளிரூட்டலுக்கோ, ஏஐ பயிற்சி ஓடும் ஜிபியுவுக்கோ இதோடு சம்பந்தமில்லை. இருந்தாலும் உலகத் தரவு மையங்கள் 2024-ல் சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரம் குடித்தன என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. உலக மின் நுகர்வில் சுமார் 1.5%. அதில் ஒரு ஓரத்தைச் சுரண்டினாலும் சின்னத் தொகை இல்லை.

உங்கள் போனில் இது எங்கே தெரியும்?

மெமரிப் பக்கம் 4 கிலோபைட் என்று மேலே பார்த்தோம் அல்லவா? அந்த ஒரு எண்ணை 16 ஆக்கும் வசதியை ஆண்ட்ராய்டு 15-ல் கூகுள் கொண்டுவந்தது. பக்கம் பெரிதானால் எண்ணிக்கை குறையும், கெர்னலுக்குக் கணக்கு வைக்கும் வேலை குறையும். மெமரி நெருக்கடியில் ஆப் திறக்கும் நேரம் சராசரியாக 3.16% குறைந்தது, போன் பூட் ஆவது சுமார் 8% வேகமானது என்று கூகுள் வெளியிட்ட அளவீடுகள் சொல்கின்றன. அதற்கு விலை, சுமார் 9% கூடுதல் மெமரி. ஒரு கிலோபைட் தகவலுக்கும் 16 கிலோபைட் பக்கம் ஒதுக்க வேண்டுமே! 12 ஜிபி ரேம் போனுக்கு இது பொருட்டில்லை. 4 ஜிபி போன் வைத்திருப்பவருக்கு அந்த 9% யோசிக்க வேண்டிய விஷயம்.

டெவலப்பராக இருந்தால் இது உங்களை ஏற்கெனவே தொட்டிருக்கும். ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் இலக்காகக் கொண்ட புதிய ஆப்களும் அப்டேட்களும் 16 கிலோபைட் பக்கத்தை ஆதரிக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 1-ஐக் கெடுவாக வைத்தது கூகுள் பிளே. கோட்லின், ஜாவாவில் மட்டும் எழுதியிருந்தால் பொதுவாகப் பிரச்சினையில்லை. சி, சி++ லைப்ரரி உள்ளே இருந்தால் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். அந்த லைப்ரரியை எழுதிய மூன்றாம் தரப்பு நிறுவனம் அப்டேட் தரவில்லை என்றால் தலைவலி உங்களுக்குத்தான்.

சர்வர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் ஆப் மெதுவாக இருந்தால் காரணம் கெர்னலாக இருக்க வாய்ப்பு குறைவு. இண்டெக்ஸ் போடாத டேட்டாபேஸ் குவெரியை முதலில் பாருங்கள். 'பெர்ஃப்' என்ற கருவி லினக்ஸோடு வருகிறது, நேரம் கெர்னலில் போகிறதா உங்கள் கோடிலேயே போகிறதா என்று அது பிரித்துக் காட்டும். கெர்னலில்தான் போகிறது என்று தெரிந்தால், டெர்மினலில் 'யுநேம் -ஆர்' அடித்துப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 6.8-க்குக் கீழே என்றால் அந்த அஞ்சறைப் பெட்டி அடுக்கு உங்களிடம் இருக்க வாய்ப்பில்லை, 6.13-க்குக் கீழே என்றால் அந்த 30 வரிகளும் இருக்காது. ரெட் ஹேட், உபுண்டு போன்றவை சில மாற்றங்களைப் பழைய பதிப்புக்கும் இறக்கித் தருவதுண்டு. எனவே எண்ணோடு நிறுத்தாமல் அவர்கள் வெளியிடும் மாற்றப் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.